உட்ரோ வில்சன்: சீர்திருத்தமும் அதன் எல்லையும்

ஆட்சிப் பொறுப்பில் இருந்து மறைந்த ஒருவரின் புகழ் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. அவர் இயற்றிய சட்டங்கள் நிலைத்திருக்கலாம். அவர் பெயரைத் தாங்கிய கட்டடங்களும் நிலைத்திருக்கலாம். ஆயினும், பின்வரும் தலைமுறைகள் அவரைப் பற்றி எழுப்பும் வினாக்கள் மாறிக்கொண்டே வருகின்றன. அமெரிக்காவின் இருபத்தெட்டாவது குடியரசுத் தலைவராக 1913 முதல் 1921 வரை ஆட்சி புரிந்த உட்ரோ வில்சன் இதற்குத் தக்க சான்று ஆவார்.

1948இல் மூத்த ஆர்தர் ஷ்லெசிஞ்சர் வரலாற்றறிஞர்களிடையே நடத்திய கணிப்பில், லிங்கன், வாஷிங்டன், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆகிய மூவருக்கும் அடுத்த நான்காம் இடம் வில்சனுக்குக் கிடைத்தது. 1962இல் நடந்த கணிப்பிலும் அவ்விடம் மாறவில்லை. 2021இல் சி-ஸ்பான் தொலைக்காட்சி நடத்திய கணிப்பிலோ அவர் பதின்மூன்றாம் இடத்திற்கு இறங்கியிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 2020 ஜூன் மாதத்தில், அவர் எட்டாண்டுகள் தலைமை வகித்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், தன் பொது விவகாரக் கல்விக் கூடத்திலிருந்தும் மாணவர் இல்லம் ஒன்றிலிருந்தும் அவர் பெயரை நீக்கியது. 2016இல் இதே பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்கள் அப்பெயரைத் தொடர்ந்து வைத்திருப்பதென முடிவு செய்திருந்தனர் என்பது நினைக்கத்தக்கது. நான்கே ஆண்டுகளில் தீர்ப்பு மாறியது.

ஒருவனுடைய குணங்களையும் குற்றங்களையும் ஆராய்ந்து, அவற்றுள் மிகுதியானது எதுவோ அதைக் கொண்டு அவனை மதிப்பிட வேண்டும் என்பது ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறை. வில்சனைப் பற்றிய வழக்கில் இருதரப்பாரும் அறிந்தோ அறியாமலோ இம்முறையைத்தான் கையாள்கின்றனர். ஒரு தட்டில் சட்டங்கள், மறுதட்டில் அநீதிகள். எது தாழ்கிறது என்பதே கேள்வி. ஆனால், இரண்டையும் இரு தட்டுகளில் பிரித்து வைக்க இயலுமா என்பது அதற்கு முன்னர் எழ வேண்டிய கேள்வியாகும்.

பேராசிரியரின் ஆட்சி

வில்சன் 1856இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டான்டன் நகரில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் போதகரின் மகனாகப் பிறந்தார். உள்நாட்டுப் போரில் தோற்றுச் சிதைந்த தென்மாநிலங்களில் அவருடைய இளமை கழிந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1886இல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களுள் முனைவர் பட்டம் பெற்றவர் இன்றளவும் அவர் ஒருவரே. அரசு நிர்வாகத்தைத் தனியொரு கல்வித் துறையாக வளர்க்க வேண்டும் என்று 1887இலேயே கட்டுரை எழுதியவர் அவர். அக்கட்டுரையின் எண்ணங்கள் அவருடைய ஆட்சியில் நற்பயனும் தீப்பயனும் விளைத்தன.

1912 தேர்தலில் குடியரசுக் கட்சி பிளவுண்டது. டாஃப்ட் ஒருபுறமும் தியோடர் ரூஸ்வெல்ட் மறுபுறமும் நின்றமையால், மக்கள் வாக்குகளில் ஏறத்தாழ 42 விழுக்காடே பெற்ற வில்சன், தேர்வாளர் வாக்குகளில் 435ஐப் பெற்று வென்றார். பெருந்தொழில் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தி அவற்றோடு வாழலாம் என்றார் ரூஸ்வெல்ட். அவற்றின் ஏகபோகத்தைத் தகர்த்துச் சிறியவர்க்கும் போட்டியிட வழி திறக்க வேண்டும் என்றார் வில்சன். அதற்கு அவர் இட்ட பெயர் ‘புதிய சுதந்திரம்’.

பதவியேற்ற சில வாரங்களில், 1913 ஏப்ரல் 8ஆம் நாள், அவர் காங்கிரஸ் அவையில் நேரில் தோன்றி உரையாற்றினார். நூறாண்டுகளுக்கும் மேலாக எந்தக் குடியரசுத் தலைவரும் செய்யாத செயல் அது. அன்று அவர் கேட்டது சுங்கத் தீர்வைக் குறைப்பு. அவ்வாண்டிலேயே நிறைவேறிய அண்டர்வுட் சட்டம், சராசரி தீர்வையை ஏறக்குறைய 40 விழுக்காட்டிலிருந்து 27 விழுக்காட்டளவிற்குக் குறைத்தது. குறைந்த வருவாயை ஈடுசெய்ய வருமான வரி வந்தது. மூவாயிரம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்திற்கு ஒரு விழுக்காடு. பெருஞ்செல்வர்க்கு ஏழு விழுக்காடு வரை. ஏழைகள் வாங்கும் துணிக்கும் சர்க்கரைக்கும் விதித்த தீர்வையைக் கொண்டு அரசு நடத்துவதை விட்டு, செல்வர் ஈட்டும் வருமானத்தைக் கொண்டு நடத்தும் முறைக்கு அது முதற்படி எனலாம்.

1913 டிசம்பர் 23ஆம் நாள் கையெழுத்தான ஃபெடரல் ரிசர்வ் சட்டம், பன்னிரண்டு வட்டார வங்கிகளையும் அவற்றை மேற்பார்வையிடும் ஒரு மைய வாரியத்தையும் உருவாக்கியது. 1907இல் நாணய நெருக்கடி நேர்ந்தபோது ஜே. பி. மார்கன் என்னும் தனியொரு வங்கியாளரின் கையை நாடு எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது. அந்நிலை மாற வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். 1914இல் வணிகத் தீமைகளை விசாரிக்கும் ஃபெடரல் வணிக ஆணையமும், ஏகபோகத்தைத் தடுக்கும் கிளேட்டன் சட்டமும் வந்தன.

1916இல் இரண்டாம் அலை எழுந்தது. உழவர்க்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன். அரசு ஊழியர்க்குப் பணிக்கால விபத்து இழப்பீடு. மாநிலங்களிடையே ஓடும் ரயில்களில் பணிபுரிவோர்க்கு எட்டு மணி நேர வேலை நாள். பதினான்கு வயதுக்குட்பட்ட சிறார் உழைப்பில் விளைந்த ஆலைப் பொருள்களை மாநில எல்லை கடத்தத் தடை. இவையனைத்தும் அந்த ஓராண்டின் விளைச்சல். மக்களின் வழக்கறிஞர் எனப் பெயர்பெற்ற லூயி பிராண்டைஸ் அவ்வாண்டில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். யூதர் ஒருவர் அப்பதவியை அடைந்தது அதுவே முதன்முறை. கடும் எதிர்ப்புக்கிடையே 47க்கு 22 என்ற வாக்குகளால் செனட் அவரை ஏற்றது. வில்சன் சற்றும் பின்வாங்கவில்லை.

சிறார் உழைப்புத் தடைச் சட்டத்தை 1918இல் உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற தீர்ப்பால் செல்லாததாக்கியது. எனினும், இருபது ஆண்டுகளுக்குப் பின் 1938இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆட்சியில் அத்தடை மீண்டும் சட்டமாகி, 1941இல் நீதிமன்றத்தாலும் ஏற்கப்பட்டது. வில்சன் ஆட்சியில் கப்பற்படைத் துணைச் செயலாளராகப் பணியாற்றியவர் அந்த ரூஸ்வெல்ட். இவ்வகையில் 1930களின் சீர்திருத்தங்களுக்கு 1910கள் நாற்றங்கால் ஆயின.

அலுவலகங்களில் எழுந்த தடுப்புகள்

1912 தேர்தலில் வில்சனுக்கு ஆதரவு தந்தோருள் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் ஒருவர். கறுப்பின மக்களின் பெரும் அறிஞரான அவர், தாம் சேர்ந்திருந்த சோஷலிஸ்ட் கட்சியைவிட்டு விலகி இந்த ஆதரவை நல்கினார். கறுப்பின மக்களுக்கு முழுமையான நேர்மையுடன் நடந்துகொள்வதாக வில்சன் பேராயர் அலெக்சாண்டர் வால்டர்சுக்கு எழுத்து மூலம் உறுதி தந்திருந்தார். அந்த நம்பிக்கை ஓராண்டுகூட நிலைக்கவில்லை.

1913 ஏப்ரலில் நடந்த அமைச்சரவைக் கூட்டத்தில், அஞ்சல் துறைத் தலைவர் ஆல்பர்ட் பர்லசன் வெள்ளை ஊழியரையும் கறுப்பின ஊழியரையும் பிரித்து வைக்கும் திட்டத்தை எழுப்பினார். வில்சன் அதைத் தடுக்கவில்லை. அஞ்சல் துறையிலும் கருவூலத் துறையிலும் நாணயத் தாள் அச்சிடும் பணியகத்திலும் பிரிவினை நுழைந்தது. உணவு மேசைகள் பிரிந்தன, கழிப்பறைகள் பிரிந்தன, சில இடங்களில் நடுவே தடுப்புகள் எழுந்தன. 1914 முதல், அரசுப் பணிக்கு விண்ணப்பிப்போர் தம் நிழற்படத்தை இணைக்க வேண்டும் என்ற விதி வந்தது. தேர்வில் பெற்ற மதிப்பெண்ணுக்கு முன் தோலின் நிறம் தெரிந்துவிடுவதற்கு அது வழிசெய்தது.

இதன் பொருளை உணர, அரசுப் பணி கறுப்பின மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதை அறிய வேண்டும். தென்மாநிலங்களில் வாக்குரிமை பறிபோன காலம் அது. தனியார் அலுவலகங்கள் அவர்களுக்கு எழுத்தர் பணி தருவது அரிது. வாஷிங்டன் நகரின் அரசு அலுவலகம் ஒன்றே, போட்டித் தேர்வு எழுதி, மாதச் சம்பளம் பெற்று, வீடு வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைக்க உதவிய ஏணியாக இருந்தது. அந்த ஏணியின் மேற்படிகள் உடைக்கப்பட்டன. எரிக் யெல்லின் 2013இல் வெளியிட்ட ஆய்வு நூல், பதவியிறக்கமும் பதவி உயர்வு மறுப்பும் எவ்வாறு நடந்தன என்பதை விரித்துரைக்கிறது. அக்காலப் பணியாளர் பதிவேடுகளை அண்மையில் ஆராய்ந்த பொருளியலார், இரு இனத்தாரிடையே ஊதிய இடைவெளி வில்சன் ஆட்சியில் விரிந்ததைக் காட்டியுள்ளனர்.

1914 நவம்பர் 12ஆம் நாள், பாஸ்டன் நகரப் பத்திரிகையாசிரியர் வில்லியம் மன்றோ டிராட்டர் தலைமையில் ஒரு குழு வெள்ளை மாளிகையில் வில்சனைச் சந்தித்தது. பிரிவினை இழிவு அன்று, உராய்வைத் தவிர்க்கும் ஏற்பாடே என வில்சன் விளக்கினார். டிராட்டர் அதை ஏற்க மறுத்து, ஐம்பது ஆண்டுகளாக இரு இனத்தாரும் ஒன்றாகவே பணியாற்றி வந்துள்ளனர் என்பதை நினைவூட்டினார். அவர் பேசிய தொனியே தம்மை இழிவுபடுத்துவதாகக் கூறிய வில்சன், மீண்டும் வருவதாயின் வேறொருவரைப் பேசச் சொல்லுமாறு குழுவினரிடம் கூறிவிட்டார். முறையீட்டின் பொருள் மறைந்து, முறையிட்டவரின் குரல் குற்றமாயிற்று.

மறு ஆண்டு பிப்ரவரியில் ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்ற திரைப்படம் வெள்ளை மாளிகையில் திரையிடப்பட்டது. கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தை மீட்பராகக் காட்டிய படம் அது. வில்சன் அதைப் புகழ்ந்ததாகப் பரவிய வாசகத்திற்கு நம்பகமான சான்று இல்லை என்பர் ஆய்வாளர். அதை நீக்கிவிடினும், அவர் 1902இல் எழுதிய அமெரிக்க வரலாற்று நூலின் வரிகள் அப்படத்தின் எழுத்துத் திரைகளில் இடம்பெற்றன என்பது மறுக்க முடியாதது.

பெண்களும் பேச்சுரிமையும்

பெண்கள் வாக்குரிமையில் வில்சன் மெல்ல மாறினார். முதலில் அது மாநிலங்களின் பொறுப்பு என்று ஒதுங்கினார். 1917 ஜனவரி முதல் ஆலிஸ் பாலின் தோழியர் வெள்ளை மாளிகையின் வாயிலில் பதாகை ஏந்தி மௌனமாய் நின்றனர். கைதும் சிறையும், உண்ணாநோன்பிருந்தோர்க்கு வலிந்து உணவூட்டலும் நிகழ்ந்தன. 1918 ஜனவரியில் வில்சன் அரசியல் சட்டத் திருத்தத்தை ஆதரித்தார். செப்டம்பர் 30ஆம் நாள் செனட் அவைக்கு நேரில் சென்று வேண்டினார். 1920 ஆகஸ்டில் பத்தொன்பதாம் திருத்தம் நிறைவேறியது. தலைவர் வழங்கிய கொடையாக அதை எழுதுவோர் உளர். வாயிலில் நின்ற பெண்களின் கால்கடுப்பை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

போர்க்காலம் மற்றொரு முகத்தைக் காட்டியது. 1917இன் உளவுச் சட்டமும் 1918இன் அரசவமதிப்புச் சட்டமும் போரை எதிர்த்துப் பேசியோரைச் சிறைக்கு அனுப்பின. ஒஹையோ மாநிலத்தின் கான்டன் நகரில் ஆற்றிய ஒரே ஓர் உரைக்காக, சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். சிறையில் இருந்தவாறே 1920 தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். போர் முடிந்த பின்னரும் வில்சன் அவரை மன்னிக்க மறுத்தார். 1921இல் அவரை விடுவித்தவர் சீர்திருத்தவாதி எனப் பெயரெடுக்காத வாரன் ஹார்டிங். தலைவர் பதவியின் பெருமை மனப்பான்மையில் இருக்கிறதா, கொள்கையில் இருக்கிறதா என்று இந்நிகழ்ச்சி எண்ண வைக்கிறது.

கடல் கடந்த சொற்கள்

1918 ஜனவரி 8ஆம் நாள் வில்சன் அறிவித்த பதினான்கு அம்சங்களுள் ஐந்தாவது, குடியேற்ற நாடுகளின் மக்கள் நலனுக்கும் ஆளும் அரசின் உரிமைக் கோரிக்கைக்கும் சமமான எடை தர வேண்டும் என்றது. அடுத்த மாதம் ‘சுயநிர்ணயம்’ என்ற சொல்லையும் அவர் எடுத்தாண்டார். அவர் மனத்தில் இருந்தவை பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகளே. ஆனால், சொல்லைக் கேட்டவர்கள் வேறு கண்டங்களிலும் இருந்தனர்.

அவர்களுள் முந்தியவர் ஒரு தமிழர். மதுரையில் பிறந்து, சென்னை உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாகத் தற்காலிகப் பொறுப்பும் வகித்து ஓய்வுபெற்ற எஸ். சுப்பிரமணிய ஐயர், ஹோம் ரூல் இயக்கத்தின் மதிப்புறு தலைவராக விளங்கினார். அன்னிபெசன்ட் அம்மையார் காவலில் வைக்கப்பட்ட 1917 ஜூன் மாதத்தில், பதினான்கு அம்சங்கள் வெளிவருவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே, அவர் வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மக்களாட்சியைக் காக்கவே போர் என்றால், இந்தியாவுக்குத் தன்னாட்சி உறுதியளிக்கப்பட வேண்டும்; அவ்வுறுதி கிடைத்தால் போர்முனைக்குப் பல லட்சம் இந்தியர் முன்வருவர் என்பது அதன் சாரம். அமெரிக்கா திரும்பிய பிரம்மஞான சபையினரான ஹாட்ச்னர் தம்பதியர் அதைக் கொண்டு சென்றனர். செய்தி வெளிவந்ததும் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கொதித்தது. இந்திய அமைச்சர் மான்டேகு கண்டித்தார். எழுபத்தைந்து வயது கடந்த முதியவர், ‘சர்’ பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். தாகூர் தம் ‘சர்’ பட்டத்தைத் துறப்பதற்கு முன்னர் நிகழ்ந்தது இது.

தாகூருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1917இல் வெளிவந்த ‘தேசியம்’ என்ற தம் உரைத் தொகுதியை வில்சனுக்குக் காணிக்கையாக்க அவர் விரும்பினார். பதிப்பாளர் இசைவு கேட்டபோது, பிரிட்டிஷார் கருத்தறிந்து வெள்ளை மாளிகை மறுத்துவிட்டது. தேசிய வெறியைக் கண்டித்த ஒரு கவிஞரின் காணிக்கையை, உலக அமைதி பேசிய ஒருவரால் ஏற்க முடியவில்லை.

1919இல் பாரிஸ் மாநாட்டின்போது திலகர் எழுதிய கடிதத்திற்குச் செயலாளர் வழியே மரியாதையான மறுமொழி ஒன்றே வந்தது. கடவுச்சீட்டு மறுக்கப்பட்ட டிராட்டர், ஒரு கப்பலில் சமையற்காரராகச் சேர்ந்து பாரிஸை அடைந்தார். அவருக்கும் வில்சனைக் காணும் வாய்ப்புக் கிட்டவில்லை. ஏப்ரல் 11ஆம் நாள், சர்வதேச சங்கத்தின் அமைப்பு விதிகளில் நாடுகளின் சமத்துவத்தைச் சேர்க்குமாறு ஜப்பான் கேட்டது. பதினேழு வாக்குகளில் பதினொன்று ஆதரவாக விழுந்தன. தலைமை வகித்த வில்சன், ஒருமித்த ஆதரவு இல்லை எனக் கூறி அதை வீழ்த்தினார். அதற்கு இரண்டு நாள் கழித்து ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது.

இதே வில்சன் 1915இல் ஹெய்டி நாட்டிற்குப் படையனுப்பினார் என்பதையும் மறத்தலாகாது. அப்படை அங்கிருந்து நீங்கியது 1934இல்தான்.

அறிஞர் வழக்கு

வில்சனின் எழுத்துகளை 69 தொகுதிகளாகப் பதிப்பித்த ஆர்தர் லிங்க் முதலியோர், அவரைப் புத்தாட்சியின் சிற்பியாகக் கண்டனர். ரிச்சர்டு ஹாஃப்ஸ்டாடர் 1948இலேயே, அவருடைய முற்போக்குக்குள் ஒரு பழமைவாதி இருப்பதைச் சுட்டினார். கேப்ரியல் கோல்கோ 1963இல், இச்சீர்திருத்தங்கள் பெருவணிகத்திற்கே நிலைபேறு தந்தன என வாதிட்டார். கறுப்பின வரலாற்றறிஞர் ரேஃபோர்ட் லோகன் 1954இல், வில்சன் ஆட்சிக்கு முந்தைய 1877 முதல் 1901 வரையிலான காலப்பகுதியைத் தம் மக்களின் படுபள்ளமாகக் குறித்தார். அண்மைக் காலத்தில், அரசின் அதிகாரம் பெருகியதை விரும்பாத வலதுசாரிகளும் வில்சனைச் சாடுகின்றனர். இருபுறத்து அம்புகளும் தைக்கும் நிலை அவருடையது.

அவருக்காக வாதிடுவோர் கூறுவன மூன்று. அவர் தம் காலத்தின் பிள்ளை என்பது ஒன்று. பிரிவினை அமைச்சர்களின் செயல், அவருடையதன்று என்பது மற்றொன்று. காங்கிரசில் தென்மாநில உறுப்பினரின் வாக்கின்றி எந்தச் சீர்திருத்தமும் நிறைவேறியிராது என்பது மூன்றாவது.

முதல் வாதம் நிற்பதற்கில்லை. டிராட்டரும் டுபாய்சும் அதே காலத்தின் பிள்ளைகளே. வெள்ளையரான ஆஸ்வால்டு கேரிசன் வில்லார்டும் 1913இலேயே கண்டனம் எழுப்பினார். காலம் என்று பொதுப்படச் சொல்லும்போது, அக்காலத்தில் எதிர்த்து நின்றவர்கள் அக்காலத்தவர் அல்லர் என்றாகிவிடுகிறது. இரண்டாம் வாதமும் வலுவற்றது. டிராட்டரிடம் பிரிவினையைத் தம் வாயாலேயே வில்சன் நியாயப்படுத்தினார்.

மூன்றாம் வாதமே எடையுடையது. குழுத்தலைவர் பதவிகள் தென்மாநிலத்தார் கையில் இருந்தன. அவர்களைப் பகைத்திருந்தால் ரிசர்வ் வங்கியும் உழவர் கடனும் வந்திருக்குமா என்பது நேர்மையான ஐயம். ஆனால், இவ்வாதத்தை ஏற்றுக்கொண்டால் அது வில்சனை விடுவிப்பதைவிட மிகுதியாக அச்சீர்திருத்தத்தையே விளக்கிவிடுகிறது. ஒரு பகுதி மக்களுக்குக் கிடைத்த நன்மையின் விலையை மற்றொரு பகுதி மக்கள் செலுத்தினர் என்பதே அதன் உட்பொருள். எட்டு மணி நேர நாளை வென்றெடுத்த நான்கு பெரிய ரயில் தொழிலாளர் சங்கங்களும் கறுப்பினத்தவரை உறுப்பினராய்ச் சேர்க்காதவை. அலுவலகத் தடுப்புகளுக்குச் சொல்லப்பட்ட காரணமும் ஒழுங்கு, உராய்வின்மை, திறமையான நிர்வாகம் என்பனவே. 1887 கட்டுரையின் எண்ணங்களுக்கு நெருங்கிய சொற்கள் அவை. சட்டங்களை இயற்றிய கையும் தடுப்புகளை எழுப்பிய கையும் வேறல்ல.

ஆகவேதான் இரு தட்டுத் துலாக்கோல் இங்குத் தடுமாறுகிறது. வில்சனுக்கு எது சீர்திருத்தம் என்பதைவிட, யார் மக்கள் என்பதே தீர்வாகியிருந்தது. அவர் வரைந்த வட்டத்திற்குள் இருந்தோர்க்கு அவர் உண்மையாகவே நன்மை செய்தார். அது பொய்த்தோற்றம் அன்று. வருமான வரியும் வங்கி அமைப்பும் வணிக ஆணையமும் நூறாண்டு கடந்தும் இயங்குகின்றன. வட்டத்திற்கு வெளியே நின்றோர்க்கு அதே ஆட்சி ஒரு பின்னடைவு. இதுவும் மிகைக்கூற்று அன்று.

பெயர்ப்பலகையை அகற்றுவதால் இவ்வழக்கு முடிவதில்லை; வைத்திருப்பதாலும் முடிவதில்லை. எந்தச் சீர்திருத்தத்தையும், அது யாருக்குத் தந்தது என்பதோடு, யாரை வாயிலில் நிறுத்தியது என்றும் கேட்கும் பழக்கமே வில்சன் வரலாறு விட்டுச் செல்லும் பாடம். அந்தக் கேள்வியை 1914இல் டிராட்டர் வெள்ளை மாளிகைக்குள் நின்று கேட்டார். 1917இல் சுப்பிரமணிய ஐயர் சென்னையிலிருந்து எழுதிக் கேட்டார். இருவரும் தமக்கென்று சொல்லப்படாத சொற்களை எடுத்து, தமக்கும் உரியவையாக்கினர்.